படமும் பாடமும்: தமிழ் இல்லங்களிற் குழந்தைப் படநூல்

1. முன்னுரை

தமிழிற் குழந்தை இலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நூலாசிரியரையும் பதிப்பகத்தையும் பள்ளியையும் நிலைக்களனாகக் கொண்டே எழுதிச் சென்றனர். எந்நூல் எவ்வாண்டில் வெளிவந்தது, அதனைப் பாடியவர் யாவர், எவ்வகுப்பிற்கு அது பாடமாயிற்று என்பன அவ்வரலாறு எழுப்பும் வினாக்கள். நூல் இல்லத்துட் சென்ற பின்னர் அதனை யார் விரித்தார், எப்பொழுதில் விரித்தார், எழுத்தறியாத தாய் அதனைக் கையில் வாங்கி என் செய்தாள் என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படவில்லை. ஆயினும், படநூலைப் பொறுத்தவரை இவையே தலையாய வினாக்கள். ஏனெனில், பிறநூல் ஒருவர் தனித்திருந்து கற்பது; படநூலோ எழுத்து இன்னும் கல்லாத இளங்குழந்தையும் மூத்தோர் ஒருவரும் கூடியிருந்து காண்பது. காண்பார் இருவர் கூடாதவிடத்துப் படநூல் முழுமை பெறுவதில்லை.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே. படநூல் என்னும் பொருள் தமிழர்க்குப் புதிது; அதனைப் பயன்கொள்ளும் முறை பழையது. அம்முறைக்குத் தமிழில் உள்ள பெயர் காட்டல் என்பது. அச்சுநூல் பாடமாக வந்த காலத்துக் காட்டல் முறை இல்லத்தின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. நூல் படமாக வந்த காலத்து மீண்டும் நடுவிடம் பெறத் தொடங்கியது. இவ்வேறுபாட்டை விளக்க, இலக்கியச் சான்றுகளையும் அச்சு வரலாற்றையும் முதற்கண் நோக்கிப் பின்னர்த் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியாகிய கும்மிடிப்பூண்டி வட்டாரத்திற்கு வருவோம். இருமொழி வழங்கும் எல்லைப் பகுதியாகவும், பல மாநிலத் தொழிலாளர் வந்து தங்கும் ஆலைப் பகுதியாகவும் விளங்கும் அவ்விடத்தில் இவ்வேறுபாடு பிறவிடங்களினும் தெளிவுறத் தோன்றுகிறது.

2. சொற்கள் தரும் சான்று

படம், பாடம் என்னும் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை; பிறப்பால் வேறானவை. பாடம் என்பது ஓதுதல் என்னும் பொருளடியாக வந்த வடசொல். படம் என்பதோ துணியைக் குறித்துப் பின்னர்த் துணியில் எழுதிய ஓவியத்தைக் குறித்து, அதன்பின் ஓவியம் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. மயிலுக்குப் பேகன் ஈந்த ஆடையைப் புறநானூறு 'படாம்' என வழங்குதல் அறிஞர் அறிந்ததே.

நெடுநல்வாடையில் இச்சொல் ஓவியத்தொடு சேர்ந்தே வருகிறது. அரசியின் கட்டிலுக்கு மேலே, மெழுகு வழித்த துணியில், ஞாயிறு இயங்கும் நெறியும் திங்களொடு பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருந்தன. அத்துணியை நக்கீரர் 'படம்' என்றே குறிக்கிறார். தலைவனைப் பிரிந்த அரசி அவ்வுரோகிணியை நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். ஓவியம் வெறும் அணியாக நில்லாமல் காண்பாரின் வாழ்வொடு தொடர்புற்றுப் பேசும் பொருளாதலை இவ்விடத்துக் காண்கின்றோம். சங்கப் பாட்டிற் படம் என்னும் சொல்லோடு வரும் இவ்வோவியத்தில் திங்கள் இடம்பெற்றிருத்தலும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் பயன் பின்னர் விளங்கும்.

இதனினும் சிறந்த சான்று பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் உள்ளது. நப்பண்ணனார் பாடிய அப்பாடல், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திற்கு வந்தோர் செயலை விரித்துரைக்கிறது. சிலர் ஓவியத்தைச் சுட்டி இவர் யாவர் என வினவுகின்றனர். உடன்வந்தோர் இவள் இரதி, இவன் காமன் என விடை கூறுகின்றனர். வேறு சிலர் அகலிகையின் கதையை ஓவியத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி எடுத்துரைக்கின்றனர். படத்தின்முன் இருவர் நின்று, ஒருவர் சுட்டி வினவ மற்றவர் பெயர் கூறிக் கதை விரிக்கும் இந்நிகழ்ச்சி, இற்றைநாள் தாயும் குழந்தையும் படநூலை விரித்துச் செய்வதன் வடிவமேயாகும். அங்கே வினவுவோர் வளர்ந்தோர் என்பது வேறுபாடு. வினா, சுட்டு, பெயர், கதை என்னும் முறை ஒன்றே.

அம்மண்டபத்தை நப்பண்ணனார் 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறார். ஈண்டு எழுத்து என்பது ஓவியம். தமிழில் ஓவியத்தையும் எழுதுகிறோம், ஓலையையும் எழுதுகிறோம். இவ்விரு செயற்கும் வினைச்சொல் ஒன்றாயிருத்தல், கண்ணுக்குப் புலனாகும் வடிவால் பொருளைக் காட்டுதல் என்னும் நோக்கில் இவ்விரண்டும் ஓரினமாகக் கருதப்பட்டமையைக் குறிக்கும். ஓதுதலுக்கு நாம் இன்றும் வழங்கும் 'படித்துக் காட்டு' என்னும் தொடரும் அத்தகையதே. பிறர்பொருட்டுப் படித்தலைத் தமிழர் 'படித்துச் சொல்' என்றதோடு அமையாமல் 'படித்துக் காட்டு' என்றும் கூறினர். செவிக்குரிய செயலிலும் காட்டல் புகுந்து நிற்கிறது.

3. அம்புலி காட்டலும் வேடிக்கை காட்டலும்

குழந்தையைப் பற்றிய தமிழ் இலக்கியத்தில் காட்டல் தனியொரு துறையாகவே வளர்ந்தது. குழந்தையைப் பாடும் மரபைத் தொல்காப்பியர் புறத்திணையியலிற் குறித்தார். ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாக்கி, அசோதை திங்களை அழைக்கும் பதிகம் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழுக்குப் பின்னர் இவ்விலக்கிய வகை நிலைபெற்றது. காப்பு முதலாக எண்ணப்படும் பத்துப் பருவங்களுள் ஏழாவது அம்புலி. ஆண்பாற்கும் பெண்பாற்கும் அது பொது. திங்களை விளையாட அழைக்கும் தாய், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாள்வதாகப் பாடுதல் புலவர் மரபு.

பிள்ளைத்தமிழ் அரசரையும் இறைவரையும் பாடிய புலவர் செய்யுள். அதனை இல்லத்து வழக்கிற்குச் சான்றாகக் கொள்ளலாமோ என்று ஐயுறுவர் சிலர். ஐயம் தக்கதே. நால்வகை உபாயம் புலவர் கல்வியின் விளைவு; அது தாயின் மொழியன்று. ஆயினும், புலவர் புதிதாகப் படைத்துக்கொண்டது உபாயமே அன்றி அம்புலி காட்டல் அன்று. முற்றத்தில் நின்று குழந்தையை இடுப்பில் ஏந்தித் திங்களைச் சுட்டும் வழக்கு இல்லாதிருப்பின், அத்துறை கேட்போர் உள்ளத்திற் பொருந்தியிராது. மேலும் அவ்வழக்கு இன்றளவும் பேச்சில் நிலவுகிறது. சோறூட்டும் தாய் குழந்தைக்கு 'வேடிக்கை காட்டுகிறாள்'. காக்கை, நாய், மாடு, தெருவிற் செல்லும் வண்டி, வானத்து நிலா ஆகிய யாவும் அவள் காட்டும் பொருள்கள். ஒரு கவளத்திற்கும் மறுகவளத்திற்கும் இடையே, அது என்ன என்று வினவுகிறாள். குழந்தை மழலையால் விடை கூறுகிறது. அவள் அதனைத் திருத்தாமல் ஏற்று விரிக்கிறாள். மழலையின் இனிமையைப் போற்றிய வள்ளுவர், அதனைக் கேட்கும் செவியை உடையோரையே அதன் இனிமை அறிந்தோராகக் கொண்டமையும் ஈண்டு நினையத்தக்கது.

இற்றை உளவியலார் இச்செயலை நுணுகி ஆய்ந்துள்ளனர். 1978-ஆம் ஆண்டில் நினியோ, புரூனர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, ஒரு தாயும் குழந்தையும் படநூல் காண்பதை, குழந்தையின் எட்டாம் திங்கள் முதல் ஒன்றரை ஆண்டு அளவும் தொடர்ந்து நோக்கியது. தாயின் கூற்றுக்கள் நான்கு வகையுள் அடங்கின: பார் எனக் கவனத்தை ஈர்த்தல், இது என்ன என வினவல், பெயர் கூறல், குழந்தையின் விடையை ஏற்றல். 1988-ஆம் ஆண்டில் வொயிட்ஹர்ஸ்டும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தாய் தானே படித்துச் செல்வதை விடுத்துக் குழந்தையை வினவிப் பேசவைக்கும்பொழுது, ஒரு திங்கள் அளவிலேயே குழந்தையின் பேச்சுத்திறன் முற்படுதலைக் காட்டிற்று. படநூலின் பயன் எழுத்தைப் படிப்பதனால் அன்றிப் படத்தைச் சுற்றி எழும் உரையாடலால் விளைகிறது என்பது இவ்வாய்வுகளாற் போதரும் உண்மை. வேடிக்கை காட்டும் தமிழ்த்தாய் அந்நான்கு கூற்றுக்களையும் நூலின்றியே செய்துவந்தாள்.

4. பாடமாக வந்த நூல்

அங்ஙனமாயின், அச்சுநூல் இல்லத்துட் புகுந்தபொழுது அது காட்டலொடு ஏன் எளிதிற் சேரவில்லை என்னும் வினா எழும். நூல் பள்ளியின் வழியாக வந்தமையே இதற்கு விடை.

திண்ணைப்பள்ளிக் கல்வி மணலில் தொடங்கி ஓலையில் வளர்ந்தது. அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடி முதலிய நீதிநூல்களும் மனப்பாடம் செய்யப்பட்டன. அக்கல்வியிற் படத்திற்கு இடமில்லை. 1789-ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆந்திரு பெல் என்பார், மணலில் எழுதும் முறையையும் மாணவரே மாணவரைப் பயிற்றும் முறையையும் மேற்கொண்டு, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். சென்னை முறை எனப் பெயர்பெற்று அது இங்கிலாந்து வரை பரவியது. அம்முறையும் எழுத்தை முதலாகக் கொண்டதே.

மேனாட்டிலும் படநூலின் தொடக்கம் இதனோடு ஒப்பிட்டு நோக்கற்பாலது. 1658-ஆம் ஆண்டில் நியூரம்பர்க்கு நகரில் வெளிவந்த கொமேனியசின் படவுலக நூல், குழந்தைகட்கென அமைந்த படநூல்களின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. அது இலத்தீனமும் செருமானியமும் அருகருகே நிற்கும் இருமொழிநூல். அதற்கு முன்னரே கொமேனியசு இளங்குழவியின் வளர்ப்புப் பற்றித் தனிநூல் எழுதி, ஆறாண்டு அளவும் குழந்தைக்குரிய பள்ளி தாயின் மடியே என வற்புறுத்தினார். ஆயினும் அவரது படவுலக நூல் பரவியது மடியின் வழியாக அன்று. இலத்தீன வகுப்பின் வழியாகவே ஆகும். படம் பாடத்திற்கு ஏவலாதல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய வரலாறன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குழந்தைகட்கெனத் தமிழில் அச்சிட்டோர், சமயத் தொண்டரும் அவர்க்கு எதிராகத் தம் சமயம் காக்க முற்பட்டோரும் ஆவர். ஆறுமுக நாவலர் 1850-களின் தொடக்கத்தில் வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள் தமிழ் உரைநடைக்கே ஒரு திருப்பமாயின. அவற்றின் பெயரே அவற்றின் நோக்கத்தைக் கூறும்: அவை பாடங்கள். இருபதாம் நூற்றாண்டில் 1915-இல் பாரதியாரின் பாப்பாப் பாட்டு வெளிவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தையின் கண்கொண்டு பசுவையும் கிளியையும் பாடினார். அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். இவர்கள் பாடத்தைப் பாட்டாக்கினர், அது பெரும்பணி. எனினும் அப்பாட்டுக்களிற் பெரும்பகுதி இல்லத்தை அடைந்தது பாடநூலின் வழியாகவே என்பதை மறத்தலாகாது.

பட அரிச்சுவடியை இவ்விடத்து நுணுகி நோக்குதல் வேண்டும். தமிழ்க்குழந்தை பலர்க்கும் முதற்படநூல் அதுவே. அம்மா, ஆடு, இலை, ஈ என அது இனிதாகவே தொடங்குகிறது. ஆனால், அங்கே படம் எழுத்துக்காக வைக்கப்பட்டது. ஒகரத்தின்பொருட்டு ஒட்டகம் வருகிறது. தமிழ்நாட்டுக் குழந்தை தெருவிற் காணாத விலங்கு அது. ஔகாரத்தின்பொருட்டு ஔவையார் வருகிறார். ஆய்தத்தின்பொருட்டு எஃகு வருகிறது. அவ்வெஃகு பெரும்பாலும் வாளாகவோ வேலாகவோ எழுதப்படுகிறது. படத்தைச் சுட்டிய குழந்தை கத்தி என்று கூறின் அது பிழை; எஃகு என்றாலே சரி. வேடிக்கை காட்டலிற் குழந்தை கூறும் எவ்விடையும் உரையாடலுக்குத் தொடக்கமாகும்; அரிச்சுவடியில் விடை ஒன்றே. ஆகவே, எழுத்தறியாத தாய் அந்நூலைக் கையில் எடுக்க அஞ்சினாள். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாநிலத்திற் பெண்களுள் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. எஞ்சிய நால்வர்க்கு நூல் என்பது தம் பிள்ளையைத் தம்மிடமிருந்து பிரித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொருளாயிற்று. நிலவைக் காட்டும் உரிமை அவர்க்கு இருந்தது; நூலைக் காட்டும் உரிமை இருந்ததாக அவர் எண்ணவில்லை.

5. படமாக வந்த நூல்

படம் இல்லத்துட் புகுந்த வழிகளுள் நூல் முதலாவதன்று. சுவரில் தொங்கிய நாட்காட்டியே பல இல்லங்களில் முதற்படம். கோவில்பட்டி கொண்டையராசு முதலிய ஓவியர் எழுதிச் சிவகாசி அச்சகங்களிற் பதிப்பித்த தெய்வப் படங்கள் சிற்றூர்க் குடிசைகளிலும் இடம்பெற்றன. பாட்டி குழந்தையை ஏந்திச் சென்று மயிலையும் வேலையும் சுட்டிக் காட்டினாள். ஆண்டு முடிந்ததும் தாள் மாறியது, கதை மாறவில்லை. நவராத்திரிக் கொலுவும் அத்தகைய காட்டல் விழாவே.

1947-ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்கரபாணியும் வெளியிடத் தொடங்கிய இதழ் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அது தெலுங்கிற் சந்தமாமா எனவும் தமிழில் அம்புலிமாமா எனவும் ஒருங்கே தோன்றியது. பெயர் இரண்டிலும் பொருள் ஒன்று: குழந்தைக்குத் தாய் காட்டும் நிலவாகிய மாமன். நெடுநல்வாடைப் படத்தில் எழுதப்பட்டிருந்த திங்கள், பெரியாழ்வார் அழைத்த திங்கள், பிள்ளைத்தமிழின் அம்புலி ஆகியவை அச்சிட்ட படவிதழின் பெயராக வந்து சேர்ந்தமை தற்செயலேயாயினும் பொருத்தமுடையது. அவ்விதழின் பக்கங்கள் படத்தாற் சிறந்தன. 'சங்கர்' எனக் கையொப்பமிட்ட கே. சி. சிவசங்கரன் எழுதிய, தோளிற் பிணத்தைச் சுமந்து வாளேந்திச் செல்லும் விக்கிரமாதித்தன் உருவம், எழுத்தறியாதோரும் கதையைச் சொல்லத் தூண்டுவதாயிருந்தது. மூத்த பிள்ளை படிக்க, இளைய பிள்ளை படம் பார்க்க, எழுத்தறியாத மூதாட்டி தான் அறிந்த வேதாளக் கதையைக் கூறுதற்கு அதில் இடம் இருந்தது. 2013-ஆம் ஆண்டளவில் அவ்விதழ் நின்றது.

அரசும் அறக்கட்டளைகளும் இத்துறையிற் புகுந்தது 1957-ஆம் ஆண்டிற்குப் பின்னராகும். அவ்வாண்டில் தேசியப் புத்தக அறக்கட்டளையும், கேலிச்சித்திர ஓவியர் சங்கர் நிறுவிய குழந்தைப் புத்தக அறக்கட்டளையும் தில்லியில் தோன்றின. முன்னையது பின்னர்த் தொடங்கிய நேரு குழந்தை நூல் வரிசை, ஒரே ஓவியத்தொடு பல இந்திய மொழிகளில் நூல் வெளியிடும் முறையைக் கைக்கொண்டது. தமிழில், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் படங்கட்குப் பேரிடம் தந்தது. மாசுகோவில் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வாயிலாகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட சோவியத்துப் படநூல்கள், வண்ணப் படநூல் எளியோர் இல்லத்திற்கும் உரியது என்னும் எண்ணத்தை விதைத்தன. 1951-இல் தோன்றிய அந்நிறுவனம் பின்னாளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இடம்கொண்டது. 1991-இற் சோவியத்து நாடு சிதைந்ததோடு அந்நூல் வரவும் நின்றது.

அதன்பின், 1994-இல் தாராவும் 1996-இல் துலிகாவும் சென்னையில் தோன்றின. துலிகாவின் இருமொழிநூல்களில் தமிழும் ஆங்கிலமும், அல்லது தெலுங்கும் ஆங்கிலமும், ஒரே படத்தின்கீழ் நின்றன. ஒட்டகத்திற்கு மாறாக, பேருந்தும் தெருநாயும் கடற்கரையும் நம் நாட்டு முகங்களும் பக்கத்தில் வந்தன. 2004-இற் பெங்களூரில் தோன்றிய பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணைய நூல்வரிசையால், ஒரு படநூலை எம்மொழியிலும் கட்டணமின்றிப் பெறுதல் இயல்வதாயிற்று. இந்நூல்களிற் படம் எழுத்திற்கு ஏவல் செய்யவில்லை. எழுத்துப் படத்திற்குத் துணைநிற்கிறது. பாடம் என்னும் நிலையினின்று நூல் விடுபட்டது இங்கேதான்.

6. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி

இனி நாம் எடுத்துக்கொண்ட பகுதிக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம் 1997-இற் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்தது. படம் துணியிற் பிறந்த சொல் என்றோம். இம்மாவட்டத்துப் பழவேற்காடு, 1613-இற் கெல்திரியாக் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர் காலத்தில், வண்ணம் தீட்டிய துணிகள் கடல் கடந்து சென்ற துறைமுகம். பிறநாட்டு இல்லங்களின் சுவர்க்கும் கட்டிலுக்கும் அணியான துணிப்படங்கள் சென்ற கரையில், உள்ளூர்க் குழந்தைக்கு அச்சுப்படம் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

இப்பகுதியின் முதல் இயல்பு இருமொழி வழக்கு. 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், படாசுகர் தீர்ப்பின் வழி அமைந்த எல்லைச் சட்டத்தாற் சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துடன் சேர்ந்தன. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி வீட்டு மொழியைப் பிரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் இல்லத்தில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் வழங்கும் குடும்பங்கள் பல. அக்குடும்பத்துத் தாய்க்குத் தமிழ்ப் பாடநூல் இருமடங்கு அயலானது: எழுத்தாலும் அயல், மொழியாலும் அயல். ஆனால் படத்தில் உள்ள பசுவை அவள் 'ஆவு' என்பாள். குழந்தை பசு என்னும். படம் இரண்டையும் ஏற்கும். ஒரே ஓவியத்தை இருமொழியில் தந்த சந்தமாமாவும் அம்புலிமாமாவும் இவ்வுண்மையை அறிந்தோ அறியாமலோ நிறுவின. கொமேனியசின் இருமொழிநூல் இலத்தீன வகுப்பில் நின்றது. இங்கோ இருமொழி தாயின் நாவிலேயே உள்ளது.

இரண்டாவது இயல்பு தொழில். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டு வளாகத்திலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் பிற ஆலைகளும் நிறைந்துள்ளன. வேலை மூன்று முறைகளாக இரவும் பகலும் நடக்கிறது. மாலையில் விளக்கேற்றித் தந்தை பிள்ளையைப் படிக்கவைக்கும் இல்லம் என்பது பாடநூல்கள் கற்பனை செய்த இல்லம். இரவுமுறை முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தைக்கும் விழித்தெழும் குழந்தைக்கும் பொதுவாகக் கிடைப்பது அரைமணிப் பொழுதே. அப்பொழுதிற் பாடம் நடவாது, படம் பார்க்கலாம். அரிச்சுவடியில் வாளாக நின்ற எஃகை ஆலையில் உருக்கி வருபவர் அத்தந்தை. அவர் கூறும் இரும்பின் கதை எந்நூலிலும் இல்லை. நூலிற் காணும் ஒரு சக்கரமோ தண்டவாளமோ அக்கதைக்கு வாயிலாகும். பெற்றோர் நூலுக்கு ஏற்பத் தம் பொழுதை மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது பாடத்தின் கொள்கை. சோறூட்டும்பொழுதும், தலைவாரும்பொழுதும், தொடர்வண்டிக்குக் காத்திருக்கும்பொழுதும் இரண்டு பக்கம் பார்த்து மூடிவைத்தல் காட்டலின் முறை. இளங்குழவியின் கவனமும் அவ்வளவினதே ஆகலின், இம்முறை வறுமைக்கு இசைந்த குறைமுறை அன்று; குழந்தையின் இயல்பிற்கு இசைந்த நன்முறையே ஆகும்.

மூன்றாவது இயல்பு இடப்பெயர்வு. இம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மழைக்கு முன் திரும்புவோர் பலர். அவர்தம் பிள்ளைகட்காக ஒடிய மொழியிற் பயிற்றும் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டன. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம் உள்ளது. பழங்காலந்தொட்டு இம்மண்ணில் வாழும் இருளர் குடியினரும் உளர். நூலினும் மிகுதியாகக் காட்டையும் ஏரிக்கரையையும் கண்டு கற்கும் மரபினர் அவர். இத்துணை வேறுபட்ட இல்லங்களுக்கு ஒரே பாடநூல் ஒருவாறே பொருந்தும். படத்தைச் சுட்டிப் பேசுதலோ எவ்வில்லத்திற்கும் பொருந்தும்.

அரசின் முயற்சிகளை இவ்விடத்து மதிப்பிடல் வேண்டும். பெருந்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்டமையின் விளைவான இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டரசு வகுத்த எண்ணும் எழுத்தும் திட்டம், 2022-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள், இம்மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதலமைச்சரால் தொடங்கப்பட்டது. பாட்டு, கதை, படம், செயல் ஆகியவற்றால் தொடக்க வகுப்பினர்க்குப் பயிற்றும் அத்திட்டம், பாடத்தைப் படத்தின் பக்கம் நகர்த்தியமை பாராட்டற்பாலது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளிற் சிறுநூல்களை வெளியிட்டது. எழுத்தின் கடுமையைக் குழந்தையின் அசைவால் அளந்த அப்பெயர்கள் பொருட்செறிவுடையன.

எனினும் இரு குறைகள் எஞ்சுகின்றன. ஒன்று, இம்முயற்சிகள் பள்ளிப்பருவத்தில் தொடங்குகின்றன. காட்டலின் பருவமோ அதற்கு ஐந்தாண்டு முற்பட்டது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளும், 1982-இன் சத்துணவுத் திட்டமும் இளங்குழந்தையின் வயிற்றை நோக்கின. கண்ணுக்கு உரிய உணவும் அப்பருவத்திலேயே வேண்டப்படுவது. இரண்டு, நூல் பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் நூலைப் பேழையுட் பூட்டுதல் நம் நிறுவனங்களின் பழைய வழக்கம். சோற்றுப் பருக்கை ஒட்டாத படநூல், காட்டப்படாத படநூலே ஆகும். 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாநிலம். அச்சட்டத்திற்கு உழைத்த சீர்காழி அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும் ஒன்று. எழுத்தறியாத இளங்குழவியையும் எழுத்தறியாத தாயையும் வாசகராகக் கொள்வோமாயின், ஊர்ப்புற நூலகத்தின் தாழ்ந்த தட்டிற் படநூல்கள் இருத்தலும், அவை இல்லம் சென்று மீளலும் அவ்விதியின் நேர்பொருளே ஆகும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தமிழில் ஓவியமும் எழுத்தும் ஒரே வினையாற் குறிக்கப்பட்டன. படத்தின்முன் வினவி விடையிறுக்கும் முறை பரிபாடற் காலத்திலேயே பதிவாகியுள்ளது. குழந்தைக்குப் பொருளைச் சுட்டி உரையாடும் வழக்கு அம்புலிப் பருவமாக இலக்கியத்திலும், வேடிக்கை காட்டலாக இல்லத்திலும் நிலைபெற்றது. அச்சுநூல் பள்ளியின் வழியாகப் பாடமாக வந்தமையால் எழுத்தறியாத பெற்றோர் அதனின்று விலகி நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் படம் முதன்மை பெற்ற நூல்கள் தோன்றியபின், அவ்விலகலை நீக்கும் வழி திறந்தது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களுள் எழுத்தறிந்தோர் 73.44 விழுக்காட்டினர். எஞ்சியோர் தம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் நூல் காட்டத் தகுதியற்றோர் எனத் தம்மையே கருதிக்கொள்ளுதல் இன்றும் உண்டு. தமிழின் வரலாறு அவர்க்குக் கூறும் விடை வேறு. இது என்ன என வினவவும், குழந்தையின் மழலையை ஏற்கவும், கண்ட படத்தைக் கொண்டு அறிந்த கதையைச் சொல்லவும் எழுத்து வேண்டுவதில்லை. அவர் இழந்தது திறனை அன்று. அத்திறன் நூலுக்கும் உரியது என்னும் உறுதியையே.

ஆய்வுலகிற்கு இதனால் எழும் கடமையும் உண்டு. நூற்பட்டியல் தொகுத்தல் குழந்தை இலக்கிய வரலாற்றின் பாதியே ஆகும். எல்லைப்புறத் தெலுங்குத் தாய் தமிழ்ப் படநூலை எம்மொழியிற் காட்டுகிறாள், ஆலைத் தொழிலாளர் இல்லத்தில் எப்பொழுதிற் படம் விரிக்கப்படுகிறது, மூதாட்டி அச்சுக்கதையை எவ்வாறு மாற்றிச் சொல்கிறாள் என்பவற்றைத் தொகுத்தல் மறுபாதி. திருவள்ளூர் மாவட்டம் அவ்வாய்விற்கு ஏற்ற களம். முதுகலை மாணவர் சிலர் அக்களத்திற் புகுந்து, தாயரும் தந்தையரும் மூதாட்டியரும் படத்தின்முன் கூறும் சொற்களை அவர் கூறியவாறே பதிவு செய்வாராயின், நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்திற் கண்டு பாடியதன் தொடர்ச்சி நம் காலத்திற்கும் கிடைக்கும்.